செவியில் நிற்கும் பாஷை

மாமல்லபுரத்திற்கு அந்நிய தேசத்து யாத்ரீகர்கள் மிகுதியாக வரும் பருவம் கார்த்திகையில் துவங்கி மாசியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பிறகு வெயில் ஏறுகிறது, கூட்டம் குறைகிறது. அந்த நாலைந்து மாதங்களை எதிர்பார்த்து மாமல்லபுரத்திலும், அதற்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுப்பட்டினம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களிலும் பிழைப்போர் இருக்கின்றனர். வழிகாட்டித் தொழிலை நாடும் வாலிபர்கள் ஆங்கிலத்தோடு நில்லாமல் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய பாஷைகளில் ஒன்றைக் கற்க முற்படுவது போற்றத்தக்க முயற்சியே. மத்திய சர்க்காரின் சுற்றுலா இலாகாவும் வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குவதில் இத்தகைய பாஷைகளை அறிந்தோரைத் தனியே மதித்து வந்திருக்கிறது. ஆகவே, கற்றுக்கொள்வதைப் பற்றி இன்று நாம் எழுதப் புகவில்லை. கற்றதை இழவாமல் காப்பது எப்படி என்பதே நம் விஷயம்.

ஸ்பானிய பாஷையையே எடுத்துக்கொள்வோம். அது 20 தேசங்களில் அரசாங்க பாஷை. ஏறக்குறைய 50 கோடி ஜனங்களுக்குத் தாய்மொழி. ஸ்பெயின் அரசாங்கத்தின் செர்வாந்தெஸ் நிலையம் 2009ஆம் ஆண்டு முதல் புது டில்லியில் நடைபெற்று வருகிறது. அந்நிலையம் நடத்தும் 'தேலே' என்னும் பரீட்சையில் தேறியவருக்கு வழங்கப்படும் நற்சாட்சிப் பத்திரத்திற்குக் காலவரையறை கிடையாது. ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் பத்திரம் செல்லுபடியாகும் அளவுக்குப் பாஷையும் செல்லுபடியாகிறதா? ஆகவில்லை என்பதே அனுபவம். பருவத்தில் சரளமாகப் பேசியவன், எட்டு மாதம் அப்பாஷையின் ஒரு சொல்லும் காதில் விழாமல் இருந்துவிட்டு, மறுபடியும் யாத்ரீகர் முன் நிற்கும்போது தடுமாறுகிறான். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் தொற்று நோய் காரணமாக அந்நியர் வருகை நின்று, 2021ஆம் ஆண்டு நவம்பர் வரையில் சாதாரண யாத்ரீகர் விசாவில் எவரும் வருவதற்கில்லாமற் போயிற்று. அக்காலத்தில் வருமானம் நின்றதை எல்லோரும் பேசினர். கற்ற பாஷை நாளுக்கு நாள் தேய்ந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இந்தத் தேய்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றி அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் ஹாரி பாரிக் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானியம் பயின்ற 733 பேரை அவர் சோதித்தார். அவர்களிற் சிலர் அப்போதுதான் பயில்பவர்; சிலர் 50 ஆண்டுகளுக்கு முன் பயின்றவர். பெரும்பாலோர் இடையில் அப்பாஷையை ஆண்டவரல்லர். முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் அறிவு வேகமாகக் குறைகிறது. அதற்குப்பின் எஞ்சியது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வரை பெரும்பாலும் குறையாமல் நிற்கிறது என்று அவர் கண்டார். எவ்வளவு எஞ்சும் என்பது முதலில் எவ்வளவு ஆழமாகக் கற்றோம் என்பதைப் பொறுத்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது இரண்டு. ஆழமாகக் கற்றவனுக்கு அடியோடு அழிவு இல்லை. ஆகவே மனம் தளர வேண்டியதில்லை. ஆயினும் நஷ்டம் பெரும்பாலும் முதற் சில ஆண்டுகளிலேயே நிகழ்கிறது; ஆகவே காவல் வேண்டியதும் அந்த ஆண்டுகளிலேதான். பரீட்சையில் தேறிய மறுநாளே புத்தகத்தைப் பரணில் ஏற்றுகிறவன், திருடன் வரும் வேளை பார்த்துக் கதவைத் திறந்து வைப்பவனாவான்.

நம் கடற்கரையின் சரித்திரமே இதற்குச் சான்று பகரும். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டு முதல் வர்த்தகம் செய்தனர், கோட்டை கட்டினர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அதை ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றனர். கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளில் டச்சு எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றை வாசித்துப் பொருள் சொல்ல அவ்வூரில் ஆள் கிடைப்பது அரிது. கல்லில் வெட்டிய பாஷை போயிற்று. எவரும் எழுதி வையாத 'துட்டு' முதலிய இரண்டொரு சொற்கள் மட்டும் ஜனங்களின் வாயில் நிலைத்தன. போர்ச்சுகீசியத்தின் கதையும் இத்தகையதே. மேசை, அலமாரி, சாவி, சன்னல், ஏலம், மேஸ்திரி, பாதிரி, கோப்பை ஆகிய சொற்களைத் தமிழர் எந்தப் பள்ளியில் போய்ப் படித்தனர்? துறைமுகத்திலும் கடையிலும் வேலைத்தலத்திலும் நாள்தோறும் காதில் விழுந்தன, நாவில் ஏறின. ஸ்பானியம் போர்ச்சுகீசியத்தின் உடன்பிறந்த பாஷையாதலால், 'மேசா', 'பாத்ரே', 'மாஎஸ்த்ரோ' என்று அப்பாஷைக்காரர் சொல்லும்போது நம் வாலிபனுக்குப் பாதி பொருள் தானே விளங்குகிறது. அந்நிய பாஷை என்று அஞ்சுவோருக்கு இது ஒரு தைரியம்.

இன்னொரு தைரியமும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி முதல் ஆகஸ்டு 10ஆம் தேதி வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. ஸ்பெயின், கியூபா, அர்ஜென்டினா, பெரு, மெக்ஸிகோ முதலிய தேசங்களின் ஆட்டக்காரர்கள் வந்திருந்தனர். பாரத தேசத்தில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, ஸ்பானியரிடம் 'அஹெத்ரேஸ்' ஆயிற்று. ஆங்கிலேயர் 'பிஷப்' என்னும் காயை ஸ்பானியர் 'அல்ஃபில்' என்பர். யானையைக் குறிக்கும் அரபுச் சொல் அது. நாம் குதிரை என்னும் காயை அவர்களும் குதிரை என்றே அழைக்கின்றனர். ஏட்டைக் கைக்கொண்டு ஒரு சொல் இவ்வளவு தூரம் சென்றிராது. ஆட்டம் ஆடுவோரின் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குச் சென்றே அது கடல் கடந்தது.

இனி, செவியால் கேட்பது எவ்வகையில் பாஷையைக் காக்கிறது என்பதைக் கூறுவோம். எழுத்தில் கற்றவனுக்குப் பாஷை சொல் சொல்லாகப் பிரிந்து கிடக்கிறது. பேசுவோர் வாயில் அது பிரிந்து வருவதில்லை. பல பாஷைகளின் பேச்சு வேகத்தை அளந்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், ஆங்கிலம் பேசுவோர் ஒரு நொடிக்கு 6 அசைகளுக்குச் சற்று அதிகமாகவும், ஸ்பானியம் பேசுவோர் 8 அசைகளுக்குச் சற்றுக் குறைவாகவும் உச்சரிப்பதாகக் கண்டனர். இவ்வேகத்திற்குக் காது பழகாவிட்டால், அகராதி முழுவதும் மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. காது அவ்வேகத்தை மறவாதிருக்க வேண்டுமாயின் அதை அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

ஒலி விஷயத்தில் தமிழனுக்கு இயற்கையாகவே சில சௌகரியங்கள் உள. ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகளும் நம் அ, எ, இ, ஒ, உ என்பவற்றை ஒத்தவை. அவர்கள் தலையில் கோடிட்டு எழுதும் எழுத்து நம் ஞகரமே. 'அது' என்பதில் வரும் தகரத்தை நாம் எவ்வளவு மெல்லென ஒலிக்கிறோமோ, அவ்வளவு மெல்லென அவர்களும் இரண்டு உயிர்களுக்கிடையே வரும் அவ்வொலியை உச்சரிக்கின்றனர். ஆங்கிலேயன் பாடுபட்டு அடைவதைத் தமிழன் பிறப்பிலேயே உடையவனாயிருக்கிறான். அந்தச் செல்வத்தைக் கேட்கும் பழக்கத்தால் காத்துக்கொள்ளாதது யார் குற்றம்?

கேள்வியின் பெருமை நமக்குப் புதிதன்று. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் உரக்கச் சொல்லியும், பிறர் சொல்வதைக் கேட்டுமே கற்றனர். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஒரு கிழ உபாத்தியாயரை அவருடைய மாணாக்கரோடு தம் வீட்டிற்கே அழைத்து வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து தமிழ் கற்றார். சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றினார். கடல் கடந்து வந்தவர் நம் முறையைக் கையாண்டு நம் பாஷையை அடைந்தார். நாமோ நம் முறையை விட்டுவிட்டு, அச்சுப் புத்தகத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஹிந்தி விஷயத்தில் நாம் கண்டது என்ன? 1918ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் சென்னையில் ஹிந்திப் பிரசாரம் துவங்கிற்று. அடிகளின் குமாரர் தேவதாஸ் காந்தியே முதல் உபாத்தியாயராக இருந்தார். அன்று முதல் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று பரீட்சைகளில் தேறியோர் தமிழ்நாட்டில் ஏராளம். ஹிந்தி வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தில் இங்கே நாம் புகவில்லை. விரும்பிக் கற்றவர்களிலே எத்தனை பேருக்கு அது பத்தாண்டு கழித்தும் பயன்படுகிறது என்றே கேட்கிறோம். பரீட்சையோடு விட்டவர்களுக்கு ரயிலில் தண்ணீர் கேட்கவும் நா எழுவதில்லை. பரீட்சையே எழுதாமல், 1952ஆம் ஆண்டு முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய பாட்டு நிகழ்ச்சியையும், 1957இல் துவங்கிய விவித பாரதியையும் வாரந்தோறும் கேட்டுவந்தோர் பலருக்கோ அப்பாஷையின் ஓசையும் பல வாக்கியங்களும் கிழப்பருவத்திலும் நினைவில் நிற்கின்றன. கல்பாக்கத்து நகரியத்தைப் பாருங்கள். பல ராஜ்யங்களிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் கடைவீதியிலும் கேட்டே தமிழ் பேசுகின்றனர். அவர்களுக்கு இலக்கணம் கற்பித்தவர் யார்?

கடல் கடந்த தமிழரின் நிலையும் இதையே கூறுகிறது. மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் குடியேறிய நம்மவரின் சந்ததியார் கோயிலை விடவில்லை, காவடியை விடவில்லை, பெயர்களையும் பெரும்பாலும் விடவில்லை. ஆயினும் வீட்டில் தமிழ் ஒலி நின்றதும், கிரியோல் பாஷை அந்த இடத்தில் அமர்ந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பள்ளியோ தமிழ் வகுப்போ உண்டு. 1935இல் துவங்கிய தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகிறது. தமிழ் ஒலிபரப்பு நாள் முழுதும் காதில் விழுகிறது. ஆகையால் அங்கே பாஷை உயிரோடு இருக்கிறது. தாய்மொழிக்கே இந்தக் கதியானால், முயன்று கற்ற அந்நிய பாஷையைக் குறித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும், செவிக்கு ஒலி கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வாலிபர்களை ஏமாற்றுவதாகும். கேட்பதிலும் வகை உண்டு. பொருள் சிறிதும் விளங்காத பேச்சை ஆயிரம் மணி நேரம் கேட்டாலும் அது கடலோசையேயாகும். கேட்பது பெரும்பாலும் விளங்க வேண்டும். சிறிது மட்டும் புதிதாயிருக்க வேண்டும். இதனையே பாஷா சாஸ்திர அறிஞர் ஸ்டீபன் கிராஷென் 1980களில் வற்புறுத்தினார். அவரோடு மாறுபட்ட மெரில் ஸ்வெயின் என்னும் அம்மையார் 1985ஆம் ஆண்டில் வேறோர் உண்மையைக் காட்டினார். கனடா தேசத்தில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் பல ஆண்டு பிரெஞ்சு பாஷையிலேயே பாடங்களைக் கேட்டுப் படித்தனர். கேட்டறிவதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நிகராயினர். பேச்சிலும் எழுத்திலுமோ இலக்கணப் பிழை நீங்கவில்லை. காரணம், வாய் திறந்து பேசவேண்டிய அவசியம் அவர்களுக்குப் போதிய அளவு நேரவில்லை என்பதே. ஆகவே, கேள்வி பாஷையைக் காக்கும் வேலி. நாவின் உழைப்பே அதன் விளைச்சல். வேலியில்லாத பயிர் நில்லாது. வேலி மட்டும் போட்டு உழாத நிலமும் விளையாது.

இவற்றை மனத்திற்கொண்டு, நம் வாலிபர்கள் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றைக் கூறுகிறோம். காலையில் தமிழ்ப் பத்திரிகையில் உலகச் செய்தியைப் படியுங்கள். பிறகு அதே செய்தியை ஸ்பெயின் தேசிய வானொலியின் வெளிநாட்டு ஒலிபரப்பிலோ, ஹவானா வானொலியிலோ கேளுங்கள். செய்தி முன்பே தெரிந்திருப்பதால், தெரியாத சொல்லும் இடம் நோக்கி விளங்கும். கைப்பேசி இல்லாத வாலிபர் இக்காலத்தில் அரியர். ஆதலால் செலவு பற்றிய ஆட்சேபத்திற்கு இடமில்லை. நாளுக்கு அரைமணி போதும். வாரத்தில் ஒரே நாள் மூன்றரை மணி கேட்பதைவிட, நாள்தோறும் அரைமணி கேட்பதே மேல். பஸ் பிரயாணம், சமையல், வலை சீர்செய்தல் முதலிய, கைக்கு மட்டும் வேலையுள்ள நேரங்கள் இதற்கு ஏற்றவை. கணக்கெழுதும்போதும் பிறரோடு பேசும்போதும் கேட்பது கேட்பதாகாது. ஒரே குரலைச் சில வாரம் தொடர்ந்து கேட்ட பிறகே வேறு குரலுக்குச் செல்ல வேண்டும். ஸ்பெயின் தேசத்தார் உச்சரிப்பு வேறு, மெக்ஸிகோ, அர்ஜென்டினா தேசத்தார் உச்சரிப்பு வேறு. யாத்ரீகர் எத்தேசத்திலிருந்தும் வரலாமாதலால் நாளடைவில் எல்லாவற்றுக்கும் காதைப் பழக்க வேண்டும்.

கேட்டு முடித்தபின் ஐந்து நிமிஷமாவது வாய்விட்டுப் பேச வேண்டும். கேட்டதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லலாம். கேட்கும்போதே கூடவே உச்சரித்தும் வரலாம். அதே பாஷையைக் கற்ற நண்பன் ஒருவன் அண்மையில் இருந்தால், வாரம் ஒருமுறை கடற்கோயிலிலிருந்து ஐந்து ரதங்கள் வரை நடந்துகொண்டே, யாத்ரீகருக்குச் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு யார் தடை? இவ்வளவு செய்பவனுக்கு எட்டு மாத இடைவெளி ஒரு பொருட்டாகாது.

"சொந்த பாஷையாகிய தமிழே சீரழிந்து கிடக்கையில் ஸ்பானியம் யாருக்கு வேண்டும்?" என்று தேசாபிமானிகள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுடைய தமிழன்பை நாம் வணங்குகிறோம். ஆனால் அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. 2021-22ஆம் ஆண்டில் தாஜ்மகாலைக் காணச் சென்ற அந்நியரைவிட மாமல்லபுரத்தைக் காண வந்தவர்களே அதிகம் என்று சர்க்கார் கணக்கு வெளியாயிற்று. வருகிறவனுக்கு நம் சரித்திரத்தை யார் சொல்வது? ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் ஒற்றைக் கல்லில் குடைந்த கோயில்களைப் பாண்டவர் ரதங்கள் என்று பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால், கேட்டவன் அவற்றைப் பாண்டவர் கட்டியதாகவே எண்ணிச் செல்வான். பாறையில் விரியும் பெருஞ்சிற்பம் அர்ஜுனன் தவமா, கங்கை இறங்கிய காட்சியா என்ற வாதத்தில் இரு பக்கத்து நியாயங்களையும் எடுத்துரைக்க அரைகுறைப் பாஷை போதாது. நம்மவன் சொல்லத் தவறினால், தூர தேசத்தில் அச்சிட்ட கைப்புத்தகம் நமக்காகப் பேசும். அது சொல்வதே உலகத்தில் நம் சரித்திரமாக நிற்கும். பிறர் வாயால் நம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அது திரும்ப வேண்டாம். தமிழைக் கைவிட்டு ஸ்பானியம் கற்கச் சொல்லவில்லை. தமிழனின் பெருமையைத் தமிழனே ஸ்பானியத்தில் சொல்லவேண்டும் என்கிறோம். முதலில் தமிழில் நன்கறிந்தவனே பிற பாஷையில் நன்குரைக்க வல்லவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதைத் தனி மனிதர் முயற்சிக்கு மட்டும் விட்டுவிடுவது போதாது. ஒரு காலத்தில் கிராமந்தோறும் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் ஜனங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் கேட்டனர். கேட்டதைப் பற்றித் தர்க்கித்தனர். அம்முறையை வேறு வடிவில் புதுப்பிக்கலாம். 2019ஆம் ஆண்டில் தனி ஜில்லாவாக ஆன செங்கற்பட்டின் அதிகாரிகளும், ராஜ்யச் சுற்றுலா இலாகாவும், ஸ்தல ஸ்தாபனங்களும் சேர்ந்து, மாமல்லபுரத்திலும் புதுப்பட்டினத்திலும் பொது நூல்நிலையத்தில் மாலை வேளையில் ஒரு மணி நேரக் கேள்விக் கூடம் வைக்கலாம். ஒரு நாள் பிரெஞ்சு, ஒரு நாள் ஸ்பானியம், ஒரு நாள் ஜெர்மன் என்று முறை வகுக்கலாம். அரைமணி கேட்பது, அரைமணி பேசுவது என்று இருக்கட்டும். வேண்டுவது ஓர் அறை, ஓர் ஒலிபெருக்கி, பொறுப்புள்ள ஒருவர். இதற்குப் பெருந்தொகை வேண்டுமென்று எந்த அதிகாரியும் காரணம் காட்ட இயலாது.

வாலிபர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. பணம் கொடுத்தும், தூக்கம் கெட்டும் சம்பாதித்த பாஷையை வெறுங் கவனக்குறைவால் இழப்பது சொத்தைக் கடலில் எறிவதற்கு ஒப்பாகும். நாளைக்கு அரைமணி என்பது எந்தத் தொழிலாளிக்கும் கிட்டாத நேரமன்று. சர்க்காரின் கூடம் திறக்கும் வரையில் காத்திராமல், இன்றைக்கே செவிக்குத் தொழில் கொடுங்கள். நாவுக்கும் சிறிது தொழில் கொடுங்கள். அடுத்த கார்த்திகையில் யாத்ரீகர் வந்திறங்கும்போது, பல்லவன் உளியின் பெருமையைப் பிழையற எடுத்துச் சொல்லும் தமிழர் நூறு பேர் இக்கடற்கரையில் தயாராக நிற்கட்டும்.